மலையகத் தொழிற்காட்சியும் நீர்வண்ண ஓவியமும்

நிலமும் தொழிலும் ஒன்றையொன்று பிரியா என்பது தமிழர் நெடுங்காலமாகக் கொண்டிருக்கும் கொள்கை. தொல்காப்பியர் திணைதோறும் அமைந்த கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை என்பவற்றோடு அந்நிலத்து மக்கள் செய்யும் தொழிலையும் சேர்த்தே எண்ணினார். குறிஞ்சிக்குத் தேனெடுத்தலும் கிழங்ககழ்தலும் தினைப்புனங் காத்தலும் தொழில்களாயின. எனவே, மலையைக் காட்டப் புகுந்தவன் அருவியையும் முகிலையும் மாத்திரங் காட்டிவிட்டு, அம்மலையில் நடக்கும் வேலையை விட்டுவிடுவானாயின், அவன் காட்டிய மலை பாதி மலையேயாகும்.

இக்கருத்தை மனத்திற் கொண்டு நமது நாட்டின் மத்திய மலைநாட்டை நோக்குவோம். நுவரெலியா, ஹற்றன் என்ற பெயர்களைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவது பச்சைக் கம்பளம் விரித்தாற் போன்ற மலைச்சாரல். நாட்காட்டிகளும் தபாலட்டைகளும் தேயிலைப் பெட்டிகளும் நமக்குப் பழக்கிவைத்த காட்சி அது. ஆனால் அப்பச்சை இயற்கை தந்த பச்சையன்று. காடழித்துக் கோப்பி நட்டு, கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலை நட்டு, மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாவண்ணம் கான் வெட்டி, பாதை அமைத்து, மலையைக் குடைந்து புகையிரதம் ஓட்டி, ஆற்றை மறித்து மின்சாரம் எடுத்து, நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாக மனிதர் கைகளாற் செய்த நிலம் அது. சுருங்கச் சொன்னால், மலையகம் முழுவதும் ஒரு பெருந் தொழிற்சாலை. அதன் கூரை வானம்.

இத்தகைய தொழிற்காட்சியைத் தீட்டுவதற்கு நீர்வண்ணம் எவ்வாறு பொருந்துகின்றது, இதுவரை அது எவ்வாறு கையாளப்பட்டது, இனி எவ்வாறு கையாளப்படல் வேண்டும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீர்வண்ணம் வந்த வழி

நிறப்பொடியை வேலம் பிசினோடு குழைத்து, நீரிற் கரைத்துத் தாளிற் பூசுவது நீர்வண்ணம். எண்ணெய் வண்ணத்துக்கும் இதற்கும் உள்ள தலையாய வேறுபாடு ஒன்று உண்டு. எண்ணெய் ஓவியர் வெண்மை வேண்டுமிடத்து வெள்ளை வண்ணத்தைப் பூசுவார். நீர்வண்ண ஓவியரோ அவ்விடத்தைப் பூசாது விட்டுவிடுவார். தாளின் வெண்மையே அவருக்கு ஒளி. எனவே, எதைத் தீட்டுவது என்பதை மட்டுமன்றி எதைத் தீட்டாது விடுவது என்பதையும் முன்னரே தீர்மானித்துக் கொண்டுதான் அவர் தூரிகையைத் தொடல் வேண்டும்.

இக்கலை பொழுதுபோக்குக் கலை என்று நம்மிற் பலர் எண்ணுவதுண்டு. அதன் வரலாறு வேறு விதமானது. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இதைப் பெரிதும் வளர்த்தோர் நில அளவையாளரும் படைத்துறைப் பொறியியலாளருமே. ஆங்கில நீர்வண்ண ஓவியத்தின் தந்தையென மதிக்கப்படும் பால் சாண்ட்பி 1768ஆம் ஆண்டு முதல் வூலிச் நகரிலிருந்த அரச படைத்துறைக் கல்லூரியிற் சித்திர ஆசிரியராக விளங்கினார். மலையின் ஏற்ற இறக்கத்தையும் கோட்டையின் அமைப்பையும் விரைவாகவும் தெளிவாகவும் பதிந்து கொள்வதற்கு நீரும் ஒரு சிறு வண்ணப் பெட்டியும் தாளும் போதுமானவையாயிருந்தன. இங்ஙனம் நாடு பிடிக்கச் சென்றோரின் பைகளில் நீர்வண்ணமும் உடன் சென்றது.

இன்னுமொரு செய்தி நம் பொருளுக்கு மிக நெருங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயந்திரங்களையும் பாலங்களையும் கட்டடங்களையும் வரைந்த பொறியியலாளர், தம் வரைபடங்களுக்கு நீர்வண்ணமே பூசினர். வார்ப்பிரும்புக்குச் சாம்பல் நிறம், தேனிரும்புக்கு நீலம், பித்தளைக்கு மஞ்சள், செங்கல்லுக்குச் செந்நிறம் என்றவாறு பொருளுக்கொரு நிறம் வழக்கில் இருந்தது. ஆகவே இரும்புக்கும் நீர்வண்ணத்துக்கும் உள்ள உறவு புதியதன்று. மலையிலே இரும்பு எழுவதற்கு முன்னரே அது தாளிலே நீர்வண்ணமாக எழுந்து பழகியிருந்தது.

தொழிற்காட்சியைக் கலையாகக் கண்டோரும் அக்காலத்தில் இருந்தனர். ஜோன் செல் கொற்மன் என்பார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெட்லம் என்னும் இரும்பு ஊதுலையை நீர்வண்ணத்தில் தீட்டினார். 1816இல் ரேணர் தீட்டிய லீட்ஸ் நகரக் காட்சி இவ்வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. நெசவாலைகளின் புகைக்குழாய்கள் பனிமூட்டத்தினிடையே தொலைவில் நிரைநிரையாக நிற்கின்றன. முன்னே, வீதியோரத்தில், துணியை உலர்த்தக் கட்டுவோரும் சுவர் கட்டுவோரும் தத்தம் வேலையிலே கண்ணாயிருக்கின்றனர். புகை பின்னே நிற்க, உழைப்போர் முன்னே நிற்கின்றனர். இந்த ஒழுங்கை நாம் நினைவில் வைத்துக் கொள்ளல் நன்று.

இலங்கையிற் கண்ட ஓவியங்கள்

இலங்கைக்கு இக்கலையைக் கற்பிக்க வந்தோருள் அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரைச் சேர்ந்த அன்ட்று நிக்கல் குறிப்பிடத்தக்கவர். 1846இல் வந்த இவர், இன்று றோயல் கல்லூரி எனப்படும் கொழும்பு அக்கடமியிற் சித்திரம் கற்பித்தார். காடுகளையும் பழைய நகரங்களின் சிதைவுகளையும் நீர்வண்ணத்தில் தீட்டினார். பறங்கியர் சமூகத்திற் பிறந்த ஜே. எல். கே. வான் டோர்ட் (1831–1898) இந்நாட்டு மக்களின் வாழ்வையும் வழக்கங்களையும் கூர்ந்து நோக்கி வரைந்தவர். ஸ்கொத்லாந்துப் பெண்மணியான கொன்ஸ்ரன்ஸ் கோர்டன் கமிங், மலைநாடெங்கும் சுற்றி எண்ணற்ற நீர்வண்ணக் காட்சிகளைத் தீட்டியதோடு, இலங்கையிற் கழித்த தம் இரண்டாண்டுகளைப் பற்றிய நூலொன்றையும் 1892இல் வெளியிட்டார்.

இவர்களது திறமையைக் குறைத்துக் கூறுதல் நம் நோக்கமன்று. ஆயினும், மலைநாட்டைக் காண வந்தோரின் ஓவியங்களிற் பெரும்பாலானவை வழிப்போக்கர் கண்கொண்டு தீட்டப்பட்டவை. வழிப்போக்கர் மலையுச்சியில் நின்று தொலைவைப் பார்ப்பர். தோட்டத்தில் வாழ்வோரோ சரிவில் நின்று நிலத்தைப் பார்ப்பர். தொலைவைப் பார்ப்பவர் கண்ணுக்குத் தொழிலாளி ஒரு புள்ளியாகிறார். ஆலை ஒரு வெண்கோடாகிறது. லயன் கண்ணிற் படுவதேயில்லை.

பின்னர் வந்த விளம்பர ஓவியங்கள் மனிதரைச் சற்று அருகிற் கொணர்ந்தன. 1926 முதல் 1933 வரை இயங்கிய பிரித்தானியப் பேரரசு வாணிக விளம்பரச் சபைக்காக எச். எஸ். வில்லியம்சன் தீட்டிய படத்திற் கொழுந்து பறிக்கும் பெண்கள் இடம்பெற்றனர். ஆனால் விளம்பரத்தின் கடமை தேயிலையை விற்பது; தேயிலை உண்டாகும் வரலாற்றைக் கூறுவதன்று. 1934இல் வெளிவந்த 'இலங்கையின் பாடல்' என்ற செய்திச் சித்திரமே தேயிலைப் பிரசாரத்துக்காக எடுக்கத் தொடங்கப்பட்டும் அவ்வெல்லையைத் தாண்டியது. பசில் றைற் இயக்கிய அப்படத்தில், உழைக்கும் மக்களின் காட்சிகளின் மேல் வணிகரின் விலைக்குரல்கள் ஒலிக்கக் கேட்டோர், தொழிலையும் நிலத்தையும் சேர்த்துக் காட்டுதல் இயலும் என்பதை உணர்ந்தனர்.

இலக்கியத்தில் இப்பணி நம்மவராலேயே செய்யப்பட்டது. பூண்டுலோயாவிலுள்ள மடக்கும்புரைத் தோட்டத்தில் 1914இற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தேயிலைத் தோட்டத்தைத் தம் கவிதைக்குப் பொருளாக்கி உலகறியச் செய்தார். ஓவியத்துறையில் வழிகாட்டிய பெரியோரும் உளர். 1938இல் யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை அவர்கள், இலங்கையின் பிரதம சித்திரப் பரிசோதகராயிருந்த வின்சர் அவர்களின் பெயரால் ஓர் ஓவியக் கழகத்தை நிறுவி ஆசிரியர் பலரைப் பயிற்றினார். அப்பயிற்சியின் வழிவந்த சித்திர ஆசிரியர்கள் நம் கல்லூரிகளெங்கும் பணியாற்றினர். அவர்கள் கற்பித்த முறைகளை மலையகத்துக்கு எவ்வாறு பொருத்துவது என்பதே இனி நாம் ஆராய்வது.

ஆலையின் வடிவமும் அதன் காரணமும்

ஒரு பொருள் ஏன் அவ்வடிவில் உள்ளது என்பதை அறியாதவர் அதை ஒழுங்காக வரைதல் அரிது. மலையகத்துத் தேயிலை ஆலை, தொழிலாளர் 'ஸ்டோர்' என்று வழங்கும் அந்த நெடிய கட்டடம், தன் வடிவிலேயே தன் தொழிலை எழுதி வைத்திருக்கின்றது.

ஜேம்ஸ் ரெயிலர் 1867இல் லூல்கந்துரத் தோட்டத்திற் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டபோது, தம் வீட்டுத் திண்ணையிலேயே கொழுந்தைக் கையாலுருட்டிப் பதப்படுத்தினார் என்பர். 1869இற் கோப்பியைப் பிடித்த இலைத்துரு நோய் பரவி அப்பயிரை அழித்தபின், தேயிலை மலையெங்கும் பரந்தது. திண்ணையும் கையும் போதாவாயின. ஹற்றனுக்கு 1884இலும் நானுஓயாவுக்கு 1885இலும் புகையிரதப் பாதை வந்து சேர்ந்தது. பாரமான இயந்திரங்களும் இரும்புச் சட்டங்களும் மலையேறுதற்கு வழி பிறந்தது.

பறித்த கொழுந்தை முதலில் வாட்டல் வேண்டும். பழைய முறையில், சாக்குத்துணி கட்டிய தட்டுக்களில் மெல்லிதாகப் பரப்பிக் காற்றாட விடுவர். பெருந்தொகையான கொழுந்தைப் பரப்புவதற்குப் பேரிடமும் காற்றோட்டமும் வேண்டுமாதலால், ஆலைக்கு மேலே இரண்டு மூன்று மாடிகள் எழுந்தன. அம்மாடிகளின் நாற்புறமும் நிரை நிரையாகச் சாளரங்கள் அமைந்தன. உருட்டும் இயந்திரங்களும் சூளைகளும் பாரமானவை. ஆதலால் அவை நிலத்தளத்திற் கிடந்தன. மேலே காற்றும் வெளிச்சமும். கீழே பாரமும் சூடும். ஆலையின் முகத்தோற்றம் இவ்வொழுங்கினின்று பிறந்ததேயாம்.

சுவரும் கூரையும் நெளிதகரமாக இருப்பதற்கும் காரணமுண்டு. 1829இல் லண்டனில் ஹென்றி பாமர் என்ற பொறியியலாளர் கண்டுபிடித்த இத்தகரம், நெளிவினால் வலிமை பெற்றது, எடை குறைந்தது, அடுக்கி ஏற்றிவந்து ஆணியும் திருகும் கொண்டு பொருத்தக் கூடியது. நீர்ச்சக்கரமோ சுழலியோ ஓட்டுவதற்கு ஓடைநீர் வேண்டியிருந்தமையால், பழைய ஆலைகள் பல நீரோட்டத்தை அண்டிய பள்ளத்தாக்கில் அமைந்தன. ஒரு நெடுந்தண்டு சுழல, அதிலிருந்து தோல்வார்கள் இறங்கி இயந்திரங்களை ஓட்டின. ஜாக்சன் உருளைகளும், பெல்பாஸ்ற் நகரத்துச் சாமுவேல் டேவிட்சனின் சிறொக்கோ உலர்த்திகளும், கொழும்பு வோக்கர் கம்பனியின் பொறிகளும் தத்தம் பெயர்த்தகட்டோடு உள்ளே நின்றன.

வாட்டுதற்கு ஏறத்தாழப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் செல்லும். பகலிற் பறித்த கொழுந்து இரவெல்லாம் வாடி, விடியுமுன் உருளைக்கு வரும். இதனாலன்றோ மலையகத்தில் ஊரெல்லாம் உறங்கும்போது ஆலை மட்டும் விழித்திருக்கின்றது! இருளிலே அந்தரத்தில் தொங்கினாற் போன்ற அந்தச் சாளர விளக்குகளை ஓவியராயினார் காணத் தவறலாகாது.

உட்புறக் காட்சியில் மற்றொரு வியப்பு உண்டு. உருளையிலிருந்து வரும் இலை பச்சை. காற்றுப் பட்டுப் புளிக்கையில் அது செம்பு நிறமாகின்றது. சூளையிற் காய்ந்து வெளிவருகையிற் கருமையாகின்றது. நாலரைக் கிலோ முதல் ஐந்து கிலோ வரையான பச்சைக் கொழுந்து சுருங்கி ஒரு கிலோ தூளாகின்றது. பச்சை, செம்பு, கருமை என்ற இம்மூன்று நிறங்களும் ஓவியரின் தட்டிலே முறைப்படி நிற்பின், ஆலையின் கதை முழுவதும் அத்தட்டில் நிற்கும்.

தீட்டும் முறை

இனி, தூரிகை எடுக்கும் மாணவர்க்குப் பயன்படத்தக்க சில குறிப்புக்களைக் கூறுவோம்.

முதலாவது, வேளையும் பருவமும். பூமத்திய ரேகைக்கு ஏழு பாகை வடக்கே உள்ள இந்நிலத்தில் நண்பகற் கதிர் தலைக்கு நேரே விழும். அப்போது நிழல் காலடியில் ஒடுங்கும். மலையின் மடிப்புக்கள் மறைந்து தட்டையாகத் தோன்றும். காலை ஒன்பது மணிக்கு முன்னும் பிற்பகல் மூன்று மணிக்குப் பின்னும் கதிர் சாய்ந்து விழும்போதே ஒவ்வொரு தேயிலை நிரையும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். ஹற்றன், மஸ்கெலியாப் பகுதிகளை மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நனைக்கும். தை முதல் பங்குனி வரை வானம் தெளிந்து, குளிர் மிகுந்து, தொலைமலையும் கூரிய விளிம்போடு தோன்றும். உயர்ந்த தேயிலை கிடைக்கும் பருவமும் அதுவே. தெளிந்த ஓவியத்துக்கு ஏற்ற பருவமும் அதுவே.

இரண்டாவது, மூடுபனி. மலையகத்தின் காற்றிலுள்ள ஈரத்தால் பூச்சு விரைவில் உலராது. சமவெளியிற் பயின்றவர்க்கு இது முதலில் இடையூறாகத் தோன்றும்; பழகியபின் இதனினும் நல்ல துணை இல்லை. தாளை முதலில் நீரால் நனைத்து, அந்த ஈரத்தின்மேல் மெல்லிய நீலச் சாம்பலைத் தொட்டு விட்டால், அது தானே பரந்து கரைந்து மலையும் முகிலும் ஒன்றாகும். பனி என்பது பூசப்படுவதன்று, விடப்படுவது. ஆனால் ஈரம் அரைகுறையாக உலர்ந்த வேளையில் மேலும் நீர் படலாகாது; பட்டால் விளிம்பு சிதறிப் பூப்போலக் கறைபடியும். கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பயனில்லை. தாளைச் சாய்த்து அதன் மினுக்கத்தைப் பார்த்தே காலம் அறிதல் வேண்டும்.

மூன்றாவது, பச்சை. பெட்டியிலுள்ள பச்சையை எடுத்து மலையெல்லாம் பூசுவது தொடக்கநிலையில் நிகழும் பெருந்தவறு. தேயிலை மலையில் ஒரு பச்சை இல்லை. இளங்கொழுந்தின் மஞ்சட்பச்சை வேறு. முதிர்ந்த இலையின் கரும்பச்சை வேறு. இடையே நிழலுக்காக நட்ட கிறெவிலியாவின் வெள்ளிப்பச்சை வேறு. கவ்வாத்து வெட்டிய மலையோ பச்சையே இன்றிச் சாம்பலும் மண்ணிறமுமாகக் கிடக்கும். நீலத்தோடு மஞ்சளைக் கலந்து, அதிற் சுட்ட மண்ணிறத்தைச் சிறிது சேர்த்தால், பச்சை அடங்கி நிலத்தில் அமரும். நிரைகளும் கான்களும் ஏறுபாதைகளும் மலையின் வளைவைத் தழுவிச் செல்வன. அவற்றின் வளைவைச் சரியாக இட்டால் நிழல் பூசாமலே மலை திரண்டு தோன்றும்.

நான்காவது, தகரம். வெள்ளியாகப் பூசிய தகரக்கூரைக்கென ஒரு நிறமில்லை. வானத்தின் நிறமே அதன் நிறம். காலையில் வெண்மை, மழைக்கு முன் ஈயநிறம், மாலையில் மங்கிய செம்மை. எனவே வானத்துக்குக் கலந்த வண்ணத்தின் மிச்சத்தையே கூரைக்கு இடுக. நெளிவுகளை ஒவ்வொன்றாகக் கோடிட்டால் ஓவியம் பொறிவரைபடமாகிவிடும். தூரிகையை ஏறக்குறைய உலர்த்தி, சொரசொரப்பான தாளின்மேல் ஒருமுறை இழுத்தால் நெளிவு தானே தோன்றும். துருவின் செம்மண்ணிறம் இரண்டோர் இடத்திற் கசிந்தாற் போதும். சாளரங்களிலும் இஃதே விதி: நூறு சாளரமுள்ள சுவரிற் பத்தைத் தெளிவாகக் காட்டினால், மற்றவற்றைக் கண் தானே எண்ணிக் கொள்ளும்.

ஐந்தாவது, புகையிரதமும் நீர்த்தேக்கமும். ஹற்றனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலுள்ள சிங்கமலைச் சுரங்கம், இந்நாட்டுப் புகையிரதச் சுரங்கங்களுள் மிக நீண்டது. ஏறத்தாழ 560 மீற்றர். மலையின் வளைவுக்கு இசைந்து வளையும் தண்டவாளம், காட்சியினுள்ளே கண்ணை அழைத்துச் செல்லும் சிறந்த கோடு. பட்டிப்பொலவுக்கு அருகே பாதை 1,898 மீற்றர் உயரத்தை அடைகின்றது. பொறியியலாளர் விமலசுரேந்திரா மலைநீரிலிருந்து மின்சாரம் பெறலாமென 1918இல் எடுத்துக்கூறிய கனவு, 1950இல் லக்ஷபானவில் நனவாயிற்று. பின்னர் காசல்ரியும் மவுசாக்கலையும் நீர்த்தேக்கங்களாயின. மவுசாக்கலை நீரின் அடியிலே பழைய மஸ்கெலியா நகர் கிடக்கின்றது. வறட்சியில் நீர் வற்றும்போது பழைய வழிபாட்டிடங்கள் சேற்றினின்று தலைகாட்டும். தலவாக்கலையில் 2012இல் மேல் கொத்மலை மின்திட்டம் இயங்கத் தொடங்கியபின் சென்கிளையர் அருவியின் நீர் பெரிதும் குறைந்தது. அருவியை மாத்திரந் தீட்டி அணையை விடுபவர், அருவி ஏன் மெலிந்தது என்ற வரலாற்றையும் விட்டவராவார்.

ஆறாவது, பேணுதல். ஈரநாட்டில் தாளைப் பூஞ்சணம் விரைவிற் பற்றும். முடித்த ஓவியத்தைச் சுவரின் ஈரம் படாதபடி சட்டத்தில் இடைவெளி விட்டு அமைத்தலும், நேர்வெயில் படாது வைத்தலும் இன்றியமையாதவை. சில சிவப்பு வண்ணங்கள் ஒளியில் வெளிறிப்போகும், மண்ணிறங்கள் நிலைக்கும். இன்று மலையகத்திற் பிறந்த இளம் ஓவியருட் சிலர் தேயிலைச் சாயத்தையே வண்ணமாகக் கொண்டு தீட்டுகின்றனர். பொருத்தமான முயற்சியே, ஆயினும் தேயிலைத் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தாற் கறுக்குமாதலால், அச்சாயத்தை இரும்புப் பாத்திரத்திற் கலத்தல் கூடாது.

மனிதரின் இடம்

இவை யாவும் அமைந்தும் ஒன்று குறையின் ஓவியம் உயிர் பெறாது. அது மனிதர்.

மனிதரைக் காட்சிக்கு அழகு சேர்க்கும் புள்ளியாகச் சிவப்பும் மஞ்சளுமாகத் தெளித்துவிடுவது எளிது. அவ்வாறு தெளித்த புள்ளிக்கு வேலையில்லை, பாரமில்லை. கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் அழுந்துவதால் கழுத்து முன்னோக்கிச் சாயும்; ஏற்றத்தில் ஏறுகையில் முழங்கால் மடிந்து உடல் முழுவதும் சரிவை எதிர்க்கும். அச்சாய்வை இரண்டே தூரிகை வீச்சிற் கொணரலாம். ஆனால் கண்டறிந்தவராலேயே கொணர முடியும். கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் முன் வரிசையாய் நிற்கும் பெண்கள், கான் வெட்டும் ஆண்கள், சூளைக்கு விறகிடுவோர், உருளையின் பக்கத்தில் நிற்போர் என ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொரு நிலையுண்டு. ஆலையின் உயரத்தை அளக்கும் அளவுகோலும் அவர்களே. நான்கு மாடிக் கட்டடத்தின் அடியில் ஓர் ஆளை நிறுத்தாவிடில், அது எத்துணைப் பெரிது என்பது எவர்க்கும் விளங்காது.

அவ்வாறே லயனும். நீண்ட கூரையின்கீழ்ச் சிறு சிறு அறைகளாக வகுத்த அவ்விருப்பிடத்தை அழகற்றதென்று விலக்கிய ஓவியர் பலர். ஆனால் மாலையிலே அக்கூரை வழியாக எழும் அடுப்புப் புகையும், கொடியில் உலரும் துணியும், வாசலில் உள்ள சிறு தோட்டமும், கோடியிலுள்ள மாரியம்மன் கோயிலும் காட்சிக்குப் புறம்பானவையல்ல. ஆலைக்கும் லயனுக்கும் இடையே நாள்தோறும் நடந்து தேய்ந்த பாதையே தேயிலை மலையின் நடுக்கோடு. அதை இடாது மலையைத் தீட்டுதல், ஆற்றை இடாது மருதத்தைத் தீட்டுதல் போலாம்.

காலத்தின் அவசரம்

தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் இம்மலைகளுக்கு வரத் தொடங்கியதன் இருநூறாவது ஆண்டு 2023இல் நினைவுகூரப்பட்டது. அவ்விருநூறு ஆண்டிலே நிலம் பலமுறை கைமாறியது: 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின, 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். அவர்களுள் எத்தனையோ பேருக்குத் தாம் பிறந்த லயனின் உருவம் நினைவில் மாத்திரமே எஞ்சியது. நினைவு அழிந்தபோது அதுவும் அழிந்தது.

ஆலைகளும் அவ்வழியே செல்கின்றன. கந்தப்பளையிலுள்ள பழைய ஆலையொன்று 1990களில் உல்லாச விடுதியாக மாற்றப்பட்டது. கண்டிக்கு அருகே ஹந்தானையில் 1925இற் கட்டப்பட்ட ஆலை, 2001 முதல் தேயிலை அருங்காட்சியகமாக விளங்குகின்றது. இவ்விரண்டும் நல்லூழ் பெற்றவை. அவற்றின் வடிவேனும் நிலைத்தது. இயங்காது நின்ற ஏனைய பல, தகரம் தகரமாகக் கழற்றப்பட்டு இருந்த இடம் தெரியாது போயின. நுவரெலியாவூடாக இறாகலை வரை சென்ற குறும்பாதைப் புகையிரதம் 1940களில் நின்றுபோயிற்று. அதன் தடத்தை இன்று தேடியே காணவேண்டியிருக்கின்றது.

நிழற்படம் இருக்க ஓவியம் எதற்கு என்று வினவுவோர் உளர். நிழற்படம் ஒரு கணத்தைப் பதிகின்றது. ஓவியரோ ஓரிடத்தில் மூன்று மணி நேரம் அமர்ந்திருக்கின்றார். அம்மூன்று மணி நேரத்தில் கொழுந்து மடுவத்துக்கு வருகின்றது, நிறுக்கப்படுகின்றது, மாடிக்கு ஏறுகின்றது. முகில் இறங்குகின்றது, விலகுகின்றது. அவ்வழியே செல்லும் முதியவர் நின்று, இவ்விடத்தில் முன்னர் இன்னது இருந்ததென்று சொல்லிச் செல்கின்றார். அவையெல்லாம் ஓவியத்தினுள் வந்து சேர்கின்றன. தீட்டுவதென்பது நெடுநேரம் பார்ப்பதற்கு மறுபெயர். நெடுநேரம் பார்க்கப்பட்ட மனிதரை எளிதில் மறத்தல் இயலாது.

இப்பணிக்குப் பெரும் பொருட்செலவில்லை. தடித்த தாளும், ஆறேழு வண்ணமும், இரண்டு தூரிகையும், ஒரு குவளை நீரும் போதும். மலையகத்துப் பாடசாலை ஒவ்வொன்றும் தன் அயலிலுள்ள ஆலையையும் லயனையும் பாலத்தையும் ஆண்டுக்கொரு முறை மாணவர் கையாற் தீட்டுவித்து, இடமும் நாளும் குறித்துச் சேர்த்து வைக்குமாயின், இருபதாண்டிற் கிடைப்பரிய ஒரு வரலாறு திரளும். பழைய மாணவருட் பெருந்தோட்டத்துறையிலும் பொறியியற்றுறையிலும் பணியாற்றியோர், அழியும் நிலையிலுள்ள கட்டடங்களை இளைஞர்க்குக் காட்டி, அவற்றின் தொழில் முறையை விளக்குதல் வேண்டும். சித்திர ஆசிரியரும், இயற்கைக் காட்சி என்ற தலைப்பிட்டு மாணவரை மலையையும் மரத்தையும் வரையச் சொல்லும்போது, அம்மலையில் வேலை செய்வோர் யாவரென ஒரு வினா எழுப்புதல் வேண்டும்.

நிலத்தையும் தொழிலையும் ஒருங்கு வைத்து எண்ணிய இலக்கண மரபிற்கு உரியவர் நாம். குறிஞ்சியிலே தினை காத்தவளைப் புலவர் மறந்திலர். தேயிலை மலையிலே கொழுந்து பறிப்பவளையும் உருளையின் அருகே விழித்திருப்பவனையும் ஓவியர் மறவாதிருப்பாராக. தாளின் வெண்மையை ஒளிக்கும் பனிக்கும் விடுக. மனிதர் நிற்கும் இடத்தை மட்டும் வெறுமையாக விடாதொழிக.